நான்காம் வரியில் நீலமேகம்

தங்கள் குடும்பத்துக்குத் தாங்களே குழி தோண்டிக்கொண்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் அதற்கு விழா எடுத்து, நகைக்கடை விளம்பரமும் பிடித்து, மாவட்டம் முழுக்க ஒலிபரப்பிக்கொண்டே தோண்டியவன் அத்தியப்பன் ஒருவனாகத்தான் இருக்க முடியும். இது யாரோ அவன்மேல் சொன்ன குற்றச்சாட்டு இல்லை. அவனே தன்னைப் பற்றி இப்படித்தான் சொல்லிக்கொள்கிறான்.

ஈரோட்டில் நொய்யல் பண்பலையின் காலை நிகழ்ச்சி அவனுடையது. குரலுக்கு இருபத்தைந்து வயது, மற்ற எல்லாவற்றுக்கும் நாற்பத்தாறு. குரலை மட்டும் கேட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நேரில் பார்க்க வந்தவர்கள், வரவேற்பறையில் அவனைப் பார்த்ததும் அவன் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். அது அவனுக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்வதும் பழகிவிட்டது.

ரேடியோக்களில் சின்னத் திரை வந்த காலத்திலிருந்து பாட்டு ஓடும்போது மூன்று வரிகள் ஓடும். படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர். பிறகு புது ரகப் பெட்டிகள் வந்தபோது நான்காவதாக ஒரு வரியைச் சேர்த்து, அதில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒலிபரப்புக்காரர்களிடம் விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் புத்திசாலிகள். ஒருவர் தங்கம் விலை போட்டார், ஒருவர் மழை நிலவரம் போட்டார். நொய்யல் பண்பலையில்தான் அத்தியப்பன் இருந்தானே.

பாட்டுக் கேட்கிற எவனும் பாடகரை நினைப்பதில்லை, வேறு யாரையோதான் நினைக்கிறான், அந்த ஆளின் பெயரை நான்காம் வரியில் காட்டுவோம் என்று அவன் கூட்டத்தில் எழுந்து சொன்னான். சொன்ன பிறகு தன் சொல்லின் அழகில் தானே கொஞ்ச நேரம் மயங்கி நின்றான். மேலாளர் சேனாபதிக்கு விஷயம் புரியவில்லை, ஆனால் விளம்பரம் வரும் என்பது புரிந்தது. முடியுமா என்று தொழில்நுட்பம் பார்க்கிற ஜெசிந்தாவைக் கேட்டார்.

"முடியும் சார்," என்றாள் ஜெசிந்தா. "காதுக்குள்ள ஒரு குரல் வந்தா நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு கைக்கடிகாரம் குறிச்சு வச்சுக்குது. அம்மா போன் பண்ணினா ஒரு மாதிரி, பேங்க்ல இருந்து பண்ணினா ஒரு மாதிரி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு துடிப்பு இருக்கு, கைரேகை மாதிரி. பாட்டு ஓடறப்ப எந்தத் துடிப்பு வருதோ, அந்த ஆள் பேரைப் போட்டுடலாம்."

"எந்தத் துடிப்பும் வரலைன்னா?" என்று கேட்டார் சேனாபதி. வாழ்க்கையில் அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். வரி காலியாக இருந்தால் அதற்குக் கீழே வரும் நகைக்கடைப் பெயர் அநாதையாக நிற்கும், கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது அவர் கவலை.

"நீலமேகத்தைப் போட்டு விடுங்க," என்றான் அத்தியப்பன்.

இந்த நீலமேகம் யார் என்று சொல்லியாக வேண்டும். விருப்பப் பாடல் நிகழ்ச்சியில், இந்தப் பாடலை விரும்பிக் கேட்ட நேயர்கள் என்று பெயர்களை வாசிப்பது வழக்கம். சில நாள் ஒரு பாட்டுக்கு ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார். பெயரே இல்லாமல் பாட்டைப் போட்டால் ஸ்டேஷன் மானம் போய்விடும். அதனால் ஒவ்வொரு அறிவிப்பாளரும் கற்பனையில் ஒரு நேயரைச் சோறு போட்டு வளர்த்து வைத்திருப்பார். அத்தியப்பன் வளர்த்தவர் கவுந்தப்பாடி நீலமேகம். பதினைந்து வருஷமாக அவர் கேட்காத பாட்டு இல்லை. ஆள் இல்லாத இடத்தை நிரப்ப வேண்டும் என்றதும் அத்தியப்பனின் வாயில் அவர் பெயர் தானாக வந்துவிட்டது. வேறு எந்தத் தொழில்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

அவன் பாதி விளையாட்டாகச் சொன்னான். ஜெசிந்தாவுக்கு வேலை நேரத்தில் விளையாட்டு தெரியாது. பெயரை அப்படியே ஏற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். அத்தியப்பன் அன்று மாலையே அதை மறந்துவிட்டான்.

ஆடிப்பெருக்கு அன்று நினைவு வரி என்ற பெயரில் அது தொடங்கியது. பெட்டி முதலில் சம்மதம் கேட்டது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் தட்டுவது போலப் படிக்காமல் சரி என்று தட்டினார்கள். கோபியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மூஞ்சியில் முழிக்காமல் இருந்த மகளின் பெயரை நான்காம் வரியில் பார்த்துவிட்டு, அங்கேயே போனை எடுத்து அவளைக் கூப்பிட்டாராம். இந்தக் கதையை அத்தியப்பன் வாரம் முழுக்க தினமும் சொன்னான். ஒவ்வொரு நாளும் தலைமையாசிரியர் கொஞ்சம் அதிகமாக அழுதார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடுமுடியில் ஒரு காதுகுத்து. அத்தியப்பன் கார் ஓட்டினான், பக்கத்தில் மனைவி சாருமதி. சென்னிமலையில் ஒரு போர்வைக் கம்பெனியில் சாயம் சரியாக இறங்கியிருக்கிறதா என்று நிறம் பார்க்கிற வேலை அவளுக்கு. அதிகம் பேச மாட்டாள், வீட்டில் பேசுவதற்கு அவன் இருந்ததால் குறை தெரியவில்லை. காரில் ஒவ்வொரு இருக்கைக்கும் தனி வரி உண்டு. ஓட்டுகிறவருடைய வரி மட்டும் கார் நகரும்போது அணைந்திருக்கும், கவனம் சிதறக்கூடாது என்று. அத்தியப்பன் அன்றைக்கென்றே அவர்கள் கல்யாணமான புதிதில் ஊரெல்லாம் ஒலித்த பாட்டுகளாகப் பார்த்துக் கோத்து நிகழ்ச்சியில் வைத்துவிட்டு வந்திருந்தான். தன் பெயர் ஒளிர்வதை அவள் பார்க்கும்போது, தான் பார்க்காதது போல் இருக்க வேண்டும் என்று ஒத்திகைகூட செய்திருந்தான்.

முதல் பாட்டு வந்தது. சாருமதியின் வரியில் கவுந்தப்பாடி நீலமேகம் என்று ஓடியது.

எதிரே வந்த பால் வண்டியிலிருந்து அவர்கள் தப்பியது அந்த வண்டிக்காரரின் திறமை.

"ஏங்க, ஆருங்க இது? எனக்கு அப்படி ஆரையும் தெரியாதே," என்றாள் சாருமதி.

மிஷின் கோளாறாக இருக்கும் என்று சொன்னான். பேர் நல்லாத்தான் இருக்குது என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த பாட்டுக்கும் நீலமேகம் வந்தார். அதற்கு அடுத்ததற்கும் வந்தார். கொடுமுடி வருகிற வரைக்கும் அவர் காரை விட்டு இறங்கவில்லை.

காதுகுத்து விருந்தில் அத்தியப்பனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் யார் அவன் என்று சட்டையைப் பிடித்திருப்பான், பொறாமைப்பட்டு வெந்திருப்பான். இவனுக்கு அதற்குக்கூட வழியில்லை. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று மாவட்டத்திலேயே அவனுக்கும் ஜெசிந்தாவுக்கும் சேனாபதிக்கும்தான் தெரியும். தன் கல்யாணப் பாட்டைக் கேட்கும்போது தன் மனைவியின் மனதில் யாருமே இல்லை. பொறாமைப்படவும் ஒரு ஆள் வேண்டுமே. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதில் இது ஒரு புது ரகம் என்று இலையைப் பார்த்துக்கொண்டே நினைத்தான்.

மறுநாள் ஜெசிந்தாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டான். எந்த ஆளின் துடிப்பும் பொருந்தாவிட்டால்தான் அந்தப் பெயர் வரும், அதில் கோளாறு ஒன்றும் இல்லை என்று அவள் சொன்னாள். எத்தனை பேருக்கு வருகிறது என்றான். பாதிக்கு மேல் என்றாள். உடனே தூக்கிவிடு என்றான். அதற்கு மேலாளர் அனுமதி வேண்டும் என்றாள்.

சேனாபதி துள்ளிக் குதித்தார். பவானியிலிருந்து காங்கேயம் வரைக்கும் யார் இந்த நீலமேகம் என்பதுதான் பேச்சு, கேட்பவர்கள் தொகை இரண்டு மடங்கு ஆகிவிட்டது, இந்த நேரத்தில் கை வைப்பானா ஒருத்தன் என்று கேட்டார். அந்தப் பெயருக்கு அர்த்தம் என்னவென்று யாரிடமாவது மூச்சு விட்டால் வேலை இருக்காது என்றும் சொன்னார். அத்தியப்பன் வாதாடியிருக்கலாம். உண்மை வெளியே வந்தால் சாருமதிக்கும் தெரியும், பிறகு தெரியாதவன் போல அவள் முகத்தைப் பார்க்க முடியாது என்பது ஞாபகம் வந்ததும், மேலாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் சித்தோட்டில் வெல்ல மண்டி வைத்திருக்கும் மாரப்பன் ஸ்டேஷனுக்கு வந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். சத்தம் போடுவார் என்று காவலாளி கூடவே வந்தான். அவர் சத்தமே போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அவருடைய மனைவி ராஜாமணிக்கு எந்தப் பாட்டுப் போட்டாலும் நீலமேகம் வருகிறாராம். யார் என்று கேட்டால் தெரியாது என்று சத்தியம் செய்கிறாளாம். அந்தியூருக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அந்த ஆள் விலாசம் வேண்டும் என்றார்.

அத்தியப்பன் கதவைச் சாத்தினான். வேலை போனாலும் போகட்டும் என்று, அப்படி ஒரு ஆளே இல்லை, அது மிஷினில் நாங்களே போட்டு வைத்த பெயர் என்று சொன்னான்.

மாரப்பன் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "ஆளே இல்லீனா அந்த எடத்துல என்ற பேரு வந்திருக்கோணுமல்லங்க? இருபத்திரண்டு வருசம் அவகூடக் குடும்பம் நடத்துனவன் நானுதானுங்களே."

அதே கேள்வியைத்தான் அத்தியப்பன் ஒரு வாரமாகத் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். பதில் தெரிந்திருந்தால் தனக்குச் சொல்லிக்கொண்டிருப்பான்.

அவன் விழித்த விழியைப் பார்த்து, இவன் யாரையோ காப்பாற்றுகிறான் என்று மாரப்பன் முடிவு கட்டிவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பி, கவுந்தப்பாடியில் அந்தப் பெயரில் ஒருத்தன் இருப்பதாகக் கேள்விப்பட்டோம், ஞாயிற்றுக்கிழமை மச்சினன்மார்களோடு போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவுந்தப்பாடி சின்ன ஊர்தான், ஆனால் நீலமேகம் என்ற பெயர் அங்கே யாருக்கும் இருக்காது என்று பதினைந்து வருஷம் முன்னால் அத்தியப்பனிடம் யார் உத்தரவாதம் தந்தார்கள்?

சனிக்கிழமை மத்தியானமே கவுந்தப்பாடிக்குப் போனான். விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. நீலமேகம் என்று வாயெடுத்ததும் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே திசையில் கையைக் காட்டினார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. உள்ளே செப்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. யாரோ முந்திக்கொண்டு வந்து போயிருக்கிறார்கள். ஆனால் அத்தியப்பனைத் திகைக்க வைத்தது கன்னம் இல்லை. காயில் கட்டுகிறவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலைக்குப் புதிதாகச் சாயம் அடித்திருந்தார்.

ரேடியோவில் இருந்து வருகிறேன் என்றதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தங்கச்சிகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்ததில் தனக்குச் செய்துகொள்ள நேரமில்லாமல் போய்விட்டது என்று, யாரும் கேட்காமலே சொன்னார்.

"என்னைய ஆரும் நெனைக்க மாட்டாங்கன்னுதானுங்க இருந்தேன். அதுல வருத்தமும் இல்லீங்க, வேலை இருந்துச்சு. இப்ப எங்கியோ ஒரு பொம்பள பாட்டுக் கேக்கறப்ப என்ற பேரு ஓடுதுங்கறாங்க. ஒருத்தி இல்லீங்க, ஊரு ஊருக்கு ஓடுதாமா. ரெண்டு அறை வாங்குனா என்னங்க இப்ப?"

அத்தியப்பன் உண்மையைச் சொன்னான். எந்த வேகத்தில் சொன்னாலும் அந்த விஷயம் நல்லபடியாகக் காதில் விழாது என்பதால் சுருக்கமாகச் சொன்னான். நீலமேகம் கையில் இருந்த கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்று தப்பிவிட்டது போல, பிரித்துவிட்டு மறுபடி சுற்றினார்.

"நீங்க சும்மா பேருக்குப் போட்ட பேருங்களா," என்றார் கடைசியில். பிறகு தலை நிமிராமலே சொன்னார். "அதை ரேடியோவுல சொல்லிப் போட்றாதீங்க."

நாளைக்கு ஐந்தாறு பேர் வருவார்கள், இந்தக் கன்னத்தோடு நிற்காது என்று அத்தியப்பன் சொல்லிப் பார்த்தான். வரட்டுமுங்க என்றார். பதினைந்து வருஷமாக உங்கள் பெயரைத் திருடிப் பிழைத்தவன் நான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான் அத்தியப்பன். அதற்கும் அவர், பாட்டெல்லாம் நல்ல பாட்டாத்தான் கேட்டிருக்கறேன் போல என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அத்தியப்பன் நியாயம் பேசிக்கொண்டு வந்தான். உண்மையைச் சொன்னால் நீலமேகம் அடியிலிருந்து தப்புவார், ஆனால் அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் போய்விடும். சொல்லாவிட்டால் அந்தியூரில் ஒரு பெண் செய்யாத தப்புக்கு அம்மா வீட்டில் உட்கார்ந்திருப்பாள். அவளைப் போல எத்தனை பேரோ. இதில் எடை போட என்ன இருக்கிறது, சொல்லிவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். அவனும் அப்படித்தான் கேட்டுக்கொண்டான். பவானி தாண்டும்போதுதான், இத்தனை நேரமும் தராசில் ராஜாமணியும் இல்லை, நீலமேகமும் இல்லை, முழுக்கத் தானே ஏறி உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சியைச் சாருமதி கேட்பாள். அன்றைக்குக் கார் அவளிடம் இருக்கும். அவன் வாயாலேயே அவள் கேட்பாள். அவனுக்கு அது வெட்கமாக இருந்தது, அதைவிட வலித்தது.

ஞாயிறு காலை நிகழ்ச்சி தொடங்கியதும், வழக்கமாகச் சொல்கிற எதையும் சொல்லாமல் அத்தியப்பன் பேசினான்.

"கவுந்தப்பாடி நீலமேகத்தைத் தேடிட்டு இருக்கறவங்க எல்லாம் அப்படியே நில்லுங்க. அவரு உங்க ஊட்டுல ஆரு மனசுலயும் இல்லீங்க. அந்த ஊர்ல அதே பேர்ல ஒரு நல்ல மனுசன் இருக்கறாரு, அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. வரி காலியா இருக்கக்கூடாதுன்னு நான் போட்டு வச்ச பேரு அது. அந்தப் பேரு வந்தா, அந்தப் பாட்டுக்கு மனசுல ஆருமே இல்லைன்னு அர்த்தம். இது எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. என்ற ஊட்டுலயும் அதேதான் வருது."

பிறகு ஒரு பாட்டைப் போட்டுவிட்டுத் தலையில் இருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்தான். எப்போதும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற ஸ்டேஷன் போன், அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் ஒரு தரம்கூட அடிக்கவில்லை. மாவட்டமே அவரவர் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது போல.

முதலில் கூப்பிட்டவர் மாரப்பன். கவுந்தப்பாடிக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டாராம்.

"ஒரு ஆளு இருந்திருந்தா அவனோட சண்டை போட்டு ஜெயிச்சிருப்பனுங்க," என்றார். "இப்ப நான் ஆரோட போயிச் சண்டை போடறது?"

சண்டை வேண்டாம், அந்தியூருக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றான் அத்தியப்பன். போனாராம். மிஷின் சொன்னால் துரத்துகிறது, மிஷின் சொன்னால் கூப்பிடுகிறது, நீயாக எப்போது வருவாயோ அப்போது வா என்று ராஜாமணி திண்ணமாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். மாரப்பன் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். நீலமேகத்தை அதற்குப் பிறகு யாரும் அடிக்கவில்லை. கவுந்தப்பாடியில் விடலைப் பையன்கள் அவருக்கு ஆளில்லா நீலமேகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அத்தியப்பன் பல தரம் போன் செய்தான், அவர் எடுக்கவில்லை.

சேனாபதியின் அறைக்குப் போகும்போது அத்தியப்பன் வேலையை விட்டு நீக்கப்படுகிறவன் பேச வேண்டிய கம்பீரமான வசனங்களைத் தயாரித்து வைத்திருந்தான். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை. அவர் எழுந்து கை குலுக்கினார். நேற்றைவிட இன்று இன்னும் கூட்டமாம். யாருமில்லை என்றால் இனி வரியைக் காலியாகவே விட்டுவிடலாம், நகைக்கடைக்காரருக்கும் சம்மதம், காலியைப் பார்த்துத்தான் சனங்கள் பதறுகிறார்கள், பதறினால் உற்றுப் பார்க்கிறார்கள் என்றார். இன்னொரு செய்தியும் இருந்தது. விளம்பரங்களுக்கும் நினைவு வரி வேண்டும் என்று விளம்பரதாரர்கள் கேட்டார்களாம், ஒரு பொருளைப் பற்றிச் சொன்னதும் வீட்டில் யார் ஞாபகம் வருகிறது என்று தெரிந்தால் அந்த ஆளைப் பிடித்துவிடலாம் அல்லவா. ஜெசிந்தா அதையும் அப்போதே போட்டுவிட்டாள்.

கீழே இறங்கி வந்தபோது, வாசல் வேப்ப மரத்தடியில் அவர்களுடைய கார் நின்றது. சாருமதி ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள், ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

கேட்டாயா என்றான். கேட்டேன் என்றாள். சாவியைத் திருப்பவில்லை.

அவன் ஏதேதோ சொல்ல ஆரம்பித்தான், தான் வீட்டில் சரியாக இருந்ததில்லை, இனிமேல் இருக்கப் பார்க்கிறேன், அது இது என்று. காலை நிகழ்ச்சிக்காரன் பேச ஆரம்பித்தால் தெரியுமே. அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. காலைல எந்திரிச்சதுல இருந்து உங்களுக்கு என்ன வேணும், பாப்பாவுக்கு என்ன வேணும், அத்தைக்கு எந்த மாத்தரைன்னு நெனைச்சிட்டேதான் இருக்கறேன். கம்பெனிக்குப் போனா சாயம். பாட்டுப் போட்டா மட்டுந்தான் அஞ்சு நிமிசம் ஒருத்தரும் வேண்டாம்னு உக்கார்றேன். நல்லா இருக்கும் அது. அங்கயும் நீங்க வந்து உக்காந்துக்கோணுமா?"

இத்தனை வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அத்தியப்பன் கேட்டதில்லை. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது போல் இருந்தது. இறங்கிய இடத்தில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

"அப்ப நான் எப்பத்தான் வருவேன்?" என்று கேட்டான்.

"அதெல்லாம் ரேடியோவுல வராதுங்க," என்றாள் சாருமதி.

பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. ஏதோ ஒரு மருத்துவமனை. நாற்பதைத் தாண்டியவரா, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கனத்த குரல் மிரட்டியது. கார் நின்றிருந்ததால் ஓட்டுகிறவருடைய வரியும் எரிந்தது. காலியாக இருந்த சாருமதியின் வரியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தன. அத்தியப்பன்.

அவள் அதைப் பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணாடியில் ஏதோ அழுக்கைத் துடைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை எனக்கு லீவுதான், அன்றைக்குப் போய் ஒரு தரம் பார்த்துக்கொண்டு வந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ காதல் பாட்டுகளைத் தேடித் தேடிப் போட்டான், கடைசியில் மாரடைப்பு விளம்பரத்தில் வந்து சேர்ந்திருக்கிறான். பரவாயில்லை, எதில் வந்தால் என்ன, வந்ததே போதும் என்று இருந்தது. இவளுக்காக இன்னும் கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்று மனசார நினைத்தான். நினைத்த வேகத்தில்தான் தன் பக்கத்து வரியைப் பார்த்தான். காரில் ஏறினால் எப்போதும் அவனே ஓட்டுவதால் தன் வரியை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவனுக்குச் சந்தேகமே இல்லை, அவள் பெயர்தான் ஓடும்.

அதிலும் அத்தியப்பன் என்றுதான் ஓடியது.

தினமும் சாப்பிட்ட பிறகு தன் நிகழ்ச்சியைத் தானே போனில் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறவன் அவன். அந்தக் குரலுக்கு அவன் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று கைக்கடிகாரத்துக்கு மனப்பாடம். அடுத்து ஒரு பாட்டு வந்தது. சாருமதியின் வரி காலியானது. அவனுடையது காலியாகவில்லை, அதே பெயர் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. அவள் திரும்புவதற்குள் அத்தியப்பன் உள்ளங்கையை வைத்து அந்த வரியை மூடிக்கொண்டான்.

"என்னங்க மறைக்கறீங்க?" என்றாள் சாருமதி.

"வெயில் கண்ணைக் கூசுது," என்றான்.

கார் வேப்ப மர நிழலில் நின்றிருந்தது. அவள் நிழலையும் பார்த்தாள், அவன் கையையும் பார்த்தாள், சாவியைத் திருப்பினாள்.